ஐந்து விரலும் மடங்கினால்

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டுதான் ஜான்சி டீச்சர் பேச்சையே தொடங்குகிறார். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் கிளம்பிவிடப் பார்க்கும் பெற்றோர்கள்தாம் அவருடைய குறி. "ரெண்டே நிமிஷம் சார். உங்க ஆபீசு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். அந்த இரண்டு நிமிடம் ஒருநாளும் இரண்டு நிமிடத்தில் முடிந்ததில்லை. மூன்றாம் வகுப்பில் என் மகனும் இருப்பதால், என் சாவியும் பலமுறை அவருடைய கைப்பைக்குள் போய் வந்திருக்கிறது.

பள்ளி நெல்லிக்குப்பத்தில், டீச்சரின் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சர்க்கரை ஆலையின் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வரும்போது மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். டீச்சர் மடியில் கதைப் புத்தகங்களை அடுக்கி, அட்டைகளில் வண்ணப் பொட்டு ஒட்டிக்கொண்டிருப்பார். எளிய புத்தகத்துக்குப் பச்சை, அடுத்ததற்கு மஞ்சள், கொஞ்சம் கடினமானதற்குச் சிவப்பு. மிச்சப் பொட்டுகள் அவருடைய கைக்கடிகார வாரில் இருக்கும், இல்லாவிட்டால் சேலைத் தலைப்பில். ஒருநாள் கன்னத்தில் மஞ்சள் பொட்டுடனேயே பிரேயரில் நின்றார். தலைமையாசிரியர் உட்பட யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. எதையும் உவமை சொல்லித்தான் விளக்குவார். அந்த உவமை அவரையே திருப்பி அடிக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் முத்தம்மாள் என்ற தாய் எழுந்து, "செவப்புன்னா ஃபெயிலா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இது செருப்பு சைசு மாதிரி. எட்டாம் நம்பர் போடறவன் ஆறாம் நம்பர் போடறவன விட புத்திசாலியா? அவுங்கவுங்க காலுக்கு எது சேருதோ அது."

முத்தம்மாள் யோசித்தார். "அப்ப எம் புள்ளைக்குப் பெரிய நம்பராவே குடுத்துடுங்க டீச்சர். வளந்தாலும் போட்டுக்குவான்."

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

போன தை மாதம் செம்பியன் வந்த காலையில் என் சாவி டீச்சரின் பையில் இருந்தது. அதனால் நடந்ததெல்லாம் பார்க்கக் கிடைத்தது. செம்பியன் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் வைத்திருப்பவர். மகள் சுவேதா இதே மூன்றாம் வகுப்பு. மச்சான் இளவரசுவின் பையனும் அதே வகுப்பு. ஒரு கிரகப்பிரவேசத்தில் அவன் சிவப்புப் பொட்டுப் புத்தகத்தை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிவிட்டான். சுவேதாவோ பச்சையில் இருந்தாள். மறுநாளே செம்பியன் சிதம்பரம் போய் உலக அதிசயங்களைப் பற்றிய தடிப்புத்தகம் ஒன்றை வாங்கிவந்து மகளின் மடியில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே புத்தகம்தான், அதே அதட்டல்தான். வரவர சுவேதா வகுப்பிலும் வாயைத் திறப்பதில்லை. அவள் முறை வந்தால் தரையைப் பார்ப்பாள். அன்று காலை ஒரு கையில் மகளும் இன்னொரு கையில் தடிப்புத்தகமுமாக வகுப்புக்குள் வந்தார் செம்பியன்.

"டி.சி. குடுத்துடுங்க டீச்சர். கடலூர்ல சேக்கப் போறேன். இங்க இருந்தா இவ பச்சையிலயே நிப்பா."

டீச்சரின் முகம் வாடியது. ஆனாலும் தடிப்புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைப் பிரித்தார். "சுவேதா, மெதுவா படி. தெரியாத வார்த்த வந்தா ஒரு வெரல மடக்கிக்க."

இரண்டாவது வரியிலேயே அவள் கை மூடிக்கொண்டது.

"பாத்தீங்களாண்ணே? ஒரு பக்கத்துல அஞ்சு வெரலும் மடங்கிட்டா அந்தப் புக்கு இப்ப வேணாம். ரெண்டு மூணு மடங்குனா அதான் அவளுக்குச் சரி. ஒண்ணுமே மடங்கலன்னா அடுத்த கலரு."

"கஷ்டப்பட்டாத்தான டீச்சர் படிப்பு வரும்?"

டீச்சர் உவமையைக் கையில் எடுத்தார். "நீங்க டிராக்டர் கத்துக்கிட்டப்ப, எடுத்த எடுப்புல கரும்பு லோடு மாட்டியா ஓட்டுனீங்க?"

"ஆமா. எங்கப்பா மாட்டி உட்டாரு."

உவமை திருப்பி அடித்துவிட்டது, ஆனாலும் டீச்சர் விடவில்லை. "அப்பறம்?"

செம்பியன் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். "அப்பறம் என்ன, வாய்க்கால்ல எறங்கிடுச்சு."

"அப்பறம்?"

"ஊரே பாக்கத் திட்டுனாரு. அதுக்கப்பறம் ரொம்ப நாளு நான் ஸ்டியரிங்க தொடவே இல்ல."

சுவேதா களுக்கென்று சிரித்துவிட்டாள். பல வாரங்களாக அந்த வகுப்பறை கேட்காத குரல் அது. செம்பியன் சிரிக்கவில்லை. தடிப்புத்தகத்தை மெல்ல மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

டீச்சர் ஒரு பச்சைப் பொட்டுப் புத்தகத்தை நீட்டினார். குடையைத் தின்ற ஆட்டுக்குட்டியின் கதை. "வராண்டாவுல உக்காந்து கேளுங்கண்ணே. நடுவுல திருத்தக் கூடாது. அவளா கேட்டாத்தான் சொல்லணும்."

முதல் பக்கத்தில் 'குடைக்கம்பி' என்ற இடத்தில் சுவேதா நின்றாள். ஒரு விரல் மடங்கியது. செம்பியனுக்கு நாக்கு துறுதுறுத்தது. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "கு... டைக்... கம்பி" என்று அவளே எழுத்துக்கூட்டிக் கரையேறினாள். அடுத்த பக்கத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"கம்பியெல்லாமா துன்னும்பா?"

துண்டு விலகியது. "ஆடுன்னா எல்லாத்தையும் துன்னும். நீ படி, அப்பறம் என்னாச்சு அதுக்கு?"

கதையில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சமிருந்தது. காலை உணவுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்த சமையல்கார அமிர்தம், பிரேயருக்கு நேரமாகிவிட்டதென்று கம்பியை எடுத்து, பள்ளி மணியாக மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை நோக்கி ஓங்கினார். வகுப்பு வாசலில் நின்றிருந்த ஜான்சி டீச்சர் அவரைப் பார்த்து, உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தார்.