யாரும் சாகாத செத்த வீடு

எங்கள் வீட்டின் பின்பாதி, சமையல் நடக்கும் குசினியோடு சேர்ந்து எரிந்த மறுநாள் காலையில், பலாபத்வலை ரோட்டோரம் நெடுக வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். கட்டியவர்கள் எங்கள் கிறிஸ்தவ சபை வாலிபர்கள். ஒரு வீட்டுக்குத் துன்பம் வந்தால் அவர்களுக்குத் தெரிந்த உதவி அதுதான். கொடி கட்டுவது, ஆலய மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் வரிசையாகப் போடுவது, வருகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுப்பது. தீக்கு என்ன செய்யவேண்டும் என்று எங்கள் சபையில் யாருக்கும் பழக்கமில்லை. சாவுக்கு என்ன செய்யவேண்டும் என்பது எல்லாருக்கும் அத்துப்படி. தெரிந்ததைச் செய்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

தம்புள்ளை பஸ் ஒன்றை நிறுத்தி, முன்பின் தெரியாத ஒரு அம்மா இறங்கி வந்தார். என் அம்மாவைக் கட்டிப்பிடித்து நன்றாக அழுதார். அழுது முடித்த பிறகுதான் யார் போனது என்று கேட்டார்.

"யாரும் போகலீங்க. குசினிதான் போச்சு" என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, வந்தது வந்தாயிற்று என்று குசினிக்காகவும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார். சபையின் வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுப் படத்தை வட்டமாக வெட்டி, சுற்றிலும் பூ வைத்து, கீழே மெழுகுவர்த்தி எரியவிட்டு, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று போட்டிருந்தார்கள். தீப்பிடித்த வீட்டுக்கு மெழுகுவர்த்தி! அதைப் போட்ட மகராசன் யார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

சாப்பாடும் செத்த வீட்டுச் சாப்பாடாகவே வந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் மற்றவர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பருப்பு, கருவாடு, பூசணிக்காய். அடுத்த வேளையும் பருப்பு, கருவாடு, பூசணிக்காய். முறை வைத்து வீடு வீடாகச் சமைத்தார்கள், ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் இந்த மூன்றும்தான்.

இதில் சிரிக்கமுடியாத சங்கதி ஒன்று இருந்தது. அம்மா நெருப்பைக் கண்டாலே பயப்படத் தொடங்கியிருந்தாள். கரண்ட் வயர் உக்கி இற்றுப்போய்த்தான் தீப்பிடித்தது என்று பார்க்க வந்த ஆட்கள் சுவரைக் காட்டிச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. அன்றைக்கு அடுப்பை அவித்தேனா இல்லையா என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்பாள். நான் நெருப்புப்பெட்டியை உரசினாலே ரோட்டுக்குப் போய் நின்றுகொள்வாள். டீயைக்கூடக் கடையில் ஃபிளாஸ்கில்தான் வாங்கினோம். சபையின் அறுப்புப் பண்டிகைக்கு அண்டா அண்டாவாக மஞ்சள் சோறு ஆக்கியவள் அவள். அடுப்பில்லாமல் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷி இனி அடுப்பண்டை போகாமலே கிழவியாகிவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

சபையார் சும்மா இருக்கவில்லை. சிரமதானம் செய்து தகரம் போட்டுப் புதுக் குசினி கட்டிக் கொடுத்தார்கள். காஸ் அடுப்பும் வந்தது, விறகடுப்பும் போட்டுத் தந்தார்கள். அம்மா வாசல்வரை போய், ரொம்ப நல்லாயிருக்கு என்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாடு தொடர்ந்து வந்தது.

சிக்கல் என்னவென்றால், சாவுக்கு ஒரு முடிவு இருக்கிறது. முப்பத்தோராம் நாள் ஜெபம் வைத்தால் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். தீக்கு அப்படி ஒரு நாளை யாரும் வைத்திருக்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசினார்கள். முப்பத்தோராம் நாளே வைப்போம் என்றார் ஒருவர். குசினிக்கு எப்படி ஐயா முப்பத்தோராம் நாள் வைப்பது என்றார் இன்னொருவர். கடைசியில் போதகர், அந்த வீட்டில் அடுப்பு எரியும்வரை சாப்பாடு போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனையில், நோயாளிகளுக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவே, எங்கள் சகோதரியின் அடுப்புக்காகவும் ஜெபித்தார்கள். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா குனிந்திருப்பாள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வராது.

எதிர் வீட்டில் ராத்தா இருந்தார். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவருடைய பிள்ளைகள் மாத்தளை டவுனில் மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள். அவர் ஒருநாள் நெய்ச்சோறும் கோழிக் கறியும் கொடுத்தனுப்பினார். அம்மா சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டாள். இந்தச் சேதி எப்படியோ சபைப் பெண்கள் காதுக்குப் போய்விட்டது. அடுத்த கிழமையிலிருந்து பருப்பும் பூசணியும் நின்றுபோயின. யார் முறையென்றாலும் நெய்ச்சோறு, யார் முறையென்றாலும் அதே ஏலக்காய் வாசம்.

நடந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன். முறைக்காரப் பெண் அரிசியும் கோழியும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் வீட்டைப் பார்க்காதவர் மாதிரி எதிர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் நுழைவார். அங்கே சமைப்பது ராத்தா, இவர் கதை பேசிக்கொண்டிருப்பார் என்று ராத்தாவின் மருமகள் எனக்குச் சொன்னாள். பிறகு சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு, தூரத்திலிருந்து நடந்து வந்தவர் போலக் களைத்த முகத்தோடு ரோட்டைக் கடப்பார். சபையின் தர்மம் முழுக்க ஒரு முஸ்லிம் வீட்டுக் குசினியில் வெந்துகொண்டிருந்தது. போதகரின் மனைவி வந்த அன்றைக்கு, விடியவே எழும்பிச் சமைத்தேன் என்று வேறு சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி, பாவம், கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ரம்பை இலை நல்லா மணக்குது என்று அம்மா மரியாதையாகப் பாராட்டி அனுப்பினாள். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"இது ராத்தாவோட கைடி. அவங்களுக்கு முழங்கால் ஏலாது. நம்மளச் சாட்டி எல்லாரும் அவங்க தலையில கட்டிட்டாங்களே."

அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் கண்டு எத்தனையோ காலம். மறுநாள் பின்னேரமே ரோட்டைக் கடந்து போனாள். நானும் கூடப் போனேன். ராத்தாவின் பின்வாசல் படியில், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ராத்தா வாருங்கள் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தார். சில நாட்கள் இப்படியே போயின. அம்மா வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள், திரும்பி மட்டும் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் ராத்தாவின் மருமகள் டவுனுக்குப் போயிருந்தாள். பெரிய பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"மஹ்ரிபுக்கு பாங்கு செல்லிட்டாங்க. நான் தொழுதிட்டு வாரன், சோத்தக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ராத்தா உள்ளே போனார். என்னிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சோறு பொங்கி வழிந்தது. அடுப்பு சீறி, புகை கிளம்பியது. அம்மா எழும்பி மதிலோடு ஒட்டிக்கொண்டாள். ராத்தா, ராத்தா என்று கூப்பிட்டாள். தொழுகையில் நிற்கிறவர் எப்படிப் பதில் சொல்வார்? பிறகு என்னைப் பார்த்தாள். அவளே செய்யட்டும் என்று யோசித்து நின்றேன் என்று நான் சொல்லமாட்டேன். தீப்பிடித்த அன்றைக்கு வாளியோடு உள்ளே ஓடியவள் நான்தான். இன்றைக்கு எனக்கும் கால் வரவில்லை.

"ஐயோ, சோறு" என்றாள் அம்மா.

பிடிதுணியை எடுத்துக்கொண்டு போய் மூடியைத் தூக்கினாள். எரிகிற விறகை வெளியே இழுத்தாள். கஞ்சி வழிந்து ஒரு பக்கம் நெருப்பு அவிந்துபோயிருந்தது. நாலு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள், பாதிதான் வெந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் ஊதாங்குழலைத் தேடி எடுத்து, அடுப்புக்கு முன்னால் குந்தினாள். ஊதினாள். சாம்பல் பறந்தது. விறகைத் தள்ளி மறுபடி ஊதினாள், தீ சடசடவென்று பிடித்தது.

"பயமா இருக்குடி" என்றாள், திரும்பாமலே. சொல்லிவிட்டு இன்னும் ஊதினாள்.

நான் போய் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டேன். ராத்தா தொழுது முடித்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா சோற்றைக் கிளறியபடியே அவரிடம் சொன்னாள்:

"நாளைக்கு நீங்க சமைக்க வேணாம். கோழிய ஹலாலா உங்க ஆளுங்க கடையிலயே வாங்குறேன். எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."