மேனேஜரின் லேப்டாப்பும் மூன்றாவது ஷெட்டும்

லேப்டாப் பழுது பார்க்கும் நம் தொழிலில் மிஷினைக் கழற்றத் தெரிந்தால் பாதி வேலை, வந்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் மீதி வேலை. அந்த மீதிப் பாதியில் நான் தேறாத கதையைக் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும்.

சத்தமா, நெட்டா?

கணேசன் சார் அச்சுக் கம்பெனியிலிருந்து ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மேனேஜராக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தீபாவளி ஆர்டர் எல்லாம் மெயிலில் வருகிற நேரம். போன் லைனில் நெட்டுக்கு டயல் செய்தாலே லேப்டாப் உறுமிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது என்று விருதுநகரில் நான் வேலை பார்த்த கடைக்குத் தூக்கி வந்தார்.

ஆன் செய்து பார்த்தால் திரையில் மோடத்துக்கும் சவுண்டு கார்டுக்கும் மஞ்சள் எச்சரிக்கைக் குறி. ஆளுக்கொரு நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் உள்ளே ஒரே நம்பரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. நம்பரை மாற்றிப் பார்த்தேன், மசியவில்லை. கடைசியில் சவுண்டை நிறுத்தியதும் நெட் ஓடியது. இனிமேல் சத்தம் வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "சத்தம் எதுக்கு தம்பி? எங்க கம்பெனியில சத்தம் கேட்டா ஆளுக ஓடிருவாக."

போன் வைத்தியம்

பத்து நாளில் போன் வந்தது. புது பிரிண்டர் வாங்கியிருக்கிறார். மாட்டியதும் லேப்டாப் மறுபடி நின்றுவிட்டது. கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் அவசரத்தில், "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கல சார், நாளைக்கு வர்றேன், அதுவரைக்கும் தனித்தனியா வைங்க" என்றேன். வயரைக் கழற்றி வையுங்கள் என்பதுதான் நான் நினைத்தது. மனுஷன் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்று எனக்குப் பெருமை வேறு. அவர் சொன்னது இது: "ஒத்துக்காத சரக்க ஒரே ரூம்ல வைக்கக் கூடாது, எங்க தொழில்லயும் அதான தம்பி."

மூன்றாவது ஷெட்

மறுநாள் போனேன். ஆபீசில் பிரிண்டர் மட்டும் இருந்தது. லேப்டாப் எங்கே என்றதும் சார் என்னைப் பட்டாசு செய்கிற மூன்றாவது ஷெட் வாசலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய்களில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலெல்லாம் மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி. பொறி பறக்கும் என்பதால் அந்த அறைக்குள் ஆணி வைத்த செருப்புகூடப் போகக்கூடாது என்று இந்த ஊர்க்காரனான எனக்குத் தெரியும்.

"கரண்டு வயர் இல்ல தம்பி, பேட்டரிதான். டப்பா எண்ணிக்கையும் இங்கனயே போட்டுறலாம்னு வச்சேன்" என்றார் சார். அந்த பேட்டரி மடியில் வைத்தால் தொடை பொசுங்கும் சூடு. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

உள்ளே பாய்ந்தேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார் ஃபோர்மேன் மாரியப்பன். லீவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என் ஷூவையும் சட்டைப் பையிலிருந்த செல்போனையும் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க நில்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வாங்க, எதையும் தட்டிராதீக" என்று பெண்களை வெளியே அனுப்பினார். பிறகு உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் வைத்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, வெறுங்காலோடு போய் லேப்டாப்பைத் தூக்கி வந்து தூரத்தில் வேப்பமரத்தடியில் வைத்தார்.

நான் ஓடிப்போய் அதை அணைத்தேன். முழங்கை வரை வெள்ளியாக நின்ற ஒரு அக்கா என்னையே பார்த்தார். "சண்ட போடுற மிஷின எங்க நடுவுல கொண்டாந்து வைக்கச் சொன்னது நீங்கதானாமே தம்பி, நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

அன்றிலிருந்து போனில் யார் என்ன கோளாறு சொன்னாலும் நான் சொல்கிற ஒரே வைத்தியம், "எதையும் தொடாதீங்க, நானே வர்றேன்" என்பதுதான்.