தூணுக்குள் இறங்கும் மழை

ஹனூரிலிருந்து கஸ்தூரியின் தம்பி போனில் பேசினார். "ராத்திரி அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சுதுங்க. மத்தியானம் எடுக்கறோமுங்க." நான் ஹெப்பாள் போகும் நகரப் பேருந்தில் நின்றிருந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி அந்த மில்லின் கதி?

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு மில்லையும் தெரியும். மூடிக் கிடந்த அந்த நூற்பாலையைக் கண்காட்சிக் கூடமாக்கும் வேலையில் அவர் பொறியாளர், நான் வரைபடம் போடுகிறவன். ரம்பப் பற்கள் போல ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த கண்ணாடி. "நூல் அறுந்தாத் தெரியோணும், வெயிலும் கண்ணுல அடிக்கக் கூடாது. எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க!" என்பார், தானே கட்டியது போல.

எதற்கும் பதறுவார். டீ ஆறுவதற்குள் நாலு தரம் கூரையைப் பார்ப்பார். "நூறு வருஷமா நிக்குது மேடம், இன்னைக்கா விழப்போகுது?" என்று கேலி செய்வோம். "நூறு வருஷம் ஆச்சுன்னுதானுங்க பயமே," என்பார்.

போன மழைக்காலத்தில் ஒப்பந்தக்காரர் வார்ப்பிரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றாக இருக்கிறது, கான்கிரீட் ஊற்றினால் பலம் கூடும் என்றார். எங்களுக்கும் சரியென்றே பட்டது. கஸ்தூரி என் கையைப் பிடித்துத் தூணில் வைத்தார். வெளியே நல்ல மழை. இரும்புக்குள் தண்ணீர் ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. கூரைப் பள்ளங்களில் சேரும் மழையெல்லாம் அந்தத் தூண்கள் வழியாகத்தான் தரைக்கடி வடிகாலுக்கு இறங்குகிறது. "இதை அடைச்சா தண்ணி மேலயே நிக்குமுங்க. அந்தப் பாரத்துல கூரையே உக்காந்துரும்." ஒப்பந்தக்காரர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாரே தவிர, எண்ணத்தை விடவில்லை.

தம்பி பேசிய அன்று, பேருந்திலிருந்து நான் இறங்குமுன்பே மில் காவலாளியும் அழைத்தார். "சார், கான்கிரீட் லாரி வந்து நிக்குது. மேடம் இல்லேன்னு தெரிஞ்சுதான் வந்திருக்காங்க."

அடக்கத்துக்கு நான் வராததில் உங்களில் சிலருக்கு வருத்தம். அந்நேரம் நான் மில் வாசலில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தேன். "மேடமே போயிட்டாங்க, இன்னும் யாருக்காக சார்?" என்றார் ஒப்பந்தக்காரர். நான் வழி விடவில்லை. கலவை இறுகிவிடும் என்று லாரி திரும்பியபோது ஹனூரில் எல்லாம் முடிந்திருந்தது. அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை என்பது தீராது.

லாரி மறுபடியும் வரலாம். மேகம் கறுத்தாலே, போட்டது போட்டபடி மில்லுக்குக் கிளம்பிவிடுகிறேன். கஸ்தூரி எனக்கு விட்டுப்போனது இந்தப் பதற்றத்தைத்தான். நாளாக ஆக அது குறைந்துவிடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.