லூர்து மேரி ஓட்டிய இழுவைக் கப்பல்

இன்று ஜூலை பதினேழு. எனக்கு எழுபத்தொன்பது வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன. போன வாரம் ஒரு காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது தலத்தெருவிலிருந்து மல்லிகா தொலைபேசியில் அழைத்தாள். லூர்து மேரியின் வீட்டு மாடியில் குடியிருப்பவள் அவள்.

"அம்மா, மிஸ் போயிட்டாங்கம்மா. டீ குடுக்கப் போனேன், எழுந்திரிக்கல. தூங்குற மாதிரியே இருக்காங்க."

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லம்மா. போர்வைகூடக் கலையல."

"அப்ப சரி" என்றேன். மல்லிகா திடுக்கிட்டிருப்பாள். ஆனால் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. லூர்து மேரி சாவுக்குப் பயந்தவர் அல்லர். படுக்கையில் கிடக்க நேர்ந்து, இன்னொருவர் ஊட்ட, வாயோரம் வழிவதைத் தானே துடைத்துக்கொள்ள முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம். அது நேரவில்லை. அவரிடம் விலங்கியல் படித்தவர்கள் இப்போது கண்கலங்கிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் கலங்குங்கள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இதைப் படியுங்கள்.

எங்கள் பெண்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் இயற்பியல். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கடைசிவரை ஒருவரையொருவர் 'மிஸ்' என்றும் 'வாங்க, போங்க' என்றும்தான் அழைத்துக்கொண்டோம். மரியாதை குறையாமல் திட்டிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. ஆய்வகத்தில் அவர் சொன்னவை உங்களுக்கு மறந்திருக்காது. "தவளை ஏன்டி பயப்படப் போவுது? அது செத்துப்போச்சு. பயம் உனக்குத்தான்." இன்னொன்று: "நடுங்குற கைக்கு என் லேப்ல இடமில்ல."

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவருடைய கைகளே நடுங்கத் தொடங்கின. மருந்து கொஞ்சம் அடக்கியது, நிறுத்தவில்லை. ஒரு கல்யாண விருந்தில் பாயசக் கிண்ணத்தை நீட்டியவர், பாதியை மாப்பிள்ளையின் தாயார் பட்டுப்புடவையில் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் சிரித்தபடியே துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைத்தான் லூர்து மேரியால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. மாதா கோயில் பூசையும் தொலைக்காட்சியில்தான். பிரான்சில் இருக்கும் மகன் அங்கே வந்துவிடச் சொன்னான். "இங்க நடுங்குனா தெரிஞ்சவங்க பாப்பாங்க, அங்க நடுங்குனா தெரியாதவங்க பாப்பாங்க. இதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று மறுத்துவிட்டார்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர் ஒரு கப்பல் கட்டத் தொடங்கினார். நம் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருகிறதே, அந்த இழுவைக் கப்பலின் மாதிரி, கைக்குழந்தை அளவு. ஏன் இதை என்று கேட்டேன். "பெரிய கப்பல் பந்தாவா நிக்கும் மிஸ். வேலை பாக்குறது இதுதான்." பசை காயும்வரை பலகைகளைப் பிடித்திருக்கத் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருந்தார். "என் கை நடுங்கட்டும். கிளிப்பு நடுங்காதுல்ல?"

கப்பலின் உடலைக் கட்டி முடித்ததும் எனக்கு அழைப்பு வந்தது. "நீங்கதானே பிசிக்ஸு? கப்பலுக்கு ரேடியோ வாங்கித் தாங்க."

கரையிலிருந்து கட்டளை அனுப்பக் கையில் ஒரு பெட்டி, அதை வாங்கிக்கொள்ளக் கப்பலில் ஒரு பெட்டி. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வழி வேண்டும். அதைச் சேனல் என்பார்கள். ஓடுவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று, ஆக இரண்டு போதும் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்: விளக்கு, சங்கு, தண்ணீர் பீய்ச்சும் குழாய், அந்தக் குழாய் திரும்புவதற்குத் தனியாக, பிறகு நங்கூரம்.

"இத்தனை எதுக்கு மிஸ்? சும்மா ஓடினா போதாதா?"

"சங்கு ஊதாத கப்பலை எவன் திரும்பிப் பாப்பான்? சத்தம் போடாத டீச்சரை எவ மதிச்சா? நீங்க நாப்பது வருசம் முணுமுணுன்னு பாடம் எடுத்தீங்க, உங்களுக்கு எங்க தெரியும்?"

நான் விலைப்பட்டியல்களோடு உட்கார்ந்தேன். எந்த வேலைக்கு அளவு வேண்டும், எந்த வேலைக்கு வெறும் ஆம் இல்லை போதும் என்று பிரிப்பதுதான் முதல் பாடம். சுக்கானும் வேகமும் கொஞ்சம், நிறைய என்று அளவோடு நகர வேண்டியவை, அவற்றுக்கு நெம்புகோல். விளக்குக்கு ஒரு சாதாரண சுவிட்ச். சங்குக்கு, கையை எடுத்ததும் தானே திரும்பிவிடும் சுவிட்ச். இல்லாவிட்டால் தலத்தெரு முழுவதும் தூக்கம் கெடும். குழாயைத் திருப்ப ஒரு திருகு. அதற்கு மேல் லூர்து மேரியின் கைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேக நெம்புகோல் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் அவர் கையை எடுத்து இளைப்பாறலாம். சுக்கான் நெம்புகோல் நடுவில் இருக்கும்போது கையின் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தக் கூடாது. அப்படிச் சரிசெய்யும் வசதி சிலவற்றில்தான் உண்டு. கட்டளை அறுந்துபோனால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார். கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல இரண்டாவது கைப்பெட்டி ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். "நான் தடுமாறினா நீங்க எடுத்துக்கணும். அதுக்கு வழி இல்லன்னா கப்பல் விட ஊர்க்குளத்துக்கே வர மாட்டேன். இன்னொரு பாயசம் என்னால ஆகாது."

இரண்டு வகைகள் மிஞ்சின. ஒன்றில் இரண்டாவது பெட்டியை இணைக்கலாம். ஆனால் சேனல் நான்குதான், சங்கும் நங்கூரமும் குழாயைத் திருப்புவதும் போய்விடும். மற்றொன்றில் எட்டு. எதை விடுவது என்று பல நாள் சண்டை போட்டோம். "ரெண்டும் இருக்கறதாப் பாருங்க, இவ்வளவு படிச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வண்ணம் பூசப் போய்விட்டார். சென்னைக் கடையோடு பேசியது நான். பார்சல் வந்ததும் பெரிய பெட்டி அவருக்கு, சின்னப் பெட்டி எனக்கு. என்னுடையதில் சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. அவருக்குத் திருப்தி.

துவைக்கும் சிமெண்டுத் தொட்டியில் சோதித்தோம். குழாய் தண்ணீரைப் பீய்ச்சிய கணத்தில் சுக்கான் வெடவெடவென்று ஆடியது. "பாருங்க மிஸ், இதுக்கும் என் வியாதி" என்றார். பம்பு மின்சாரத்தை இழுத்துக்கொள்வதால் ரேடியோ தள்ளாடுகிறது என்று விளக்கி, பம்புக்குத் தனி பேட்டரி வைத்தேன். ஆட்டம் நின்றது. லூர்து மேரி சுக்கானை விரலால் தொட்டுப் பார்த்தார். "பரவால்ல, இதுக்கு வைத்தியம் இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குளத்துக்குப் போனோம். எனக்கு ஒன்று தெரிந்திருந்தது: அன்று கப்பல் அவமானப்பட்டால் அவர் இனி அந்தக் கதவைத் திறக்கவே மாட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது, பாயசம் பட்ட புடவைக்கார அம்மாளும் வந்திருந்தார். மல்லிகா ஓடி வந்து, கப்பலின் முகப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரு முழம் மல்லிகைச் சரத்தையும் கட்டினாள்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"புதுசா ஒண்ணு எடுக்கறோம், பூ வைக்காமலாம்மா? நம்ம பக்கம் படகுக்கும் வைப்பாங்க, பைக்குக்கும் வைப்பாங்க."

லூர்து மேரி கரையில் நாற்காலியில் அமர்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் சின்னப் பெட்டியோடு நின்றேன். கப்பல் புறப்பட்டது; விளக்கு எரிந்தது; சங்கு ஊதியபோது நாய்கள் எழுந்து ஓடின. குளத்தின் நடுவில் அது திடீரென முனகி நின்றது. பூச்சரம் நழுவித் தண்ணீரில் விழுந்து, பின்னால் போய், கப்பலை உந்தும் சுழலியில் சுற்றிக்கொண்டுவிட்டது. மோட்டார் திணறும் சத்தம் கரைக்குக் கேட்டது. "ஐயோ, நான்தான்!" என்று மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

லூர்து மேரியின் கைகள் பெட்டியோடு சேர்ந்து ஆடின. பிறகு மோட்டார் பின்புறமாகச் சுற்றியது. ஒரு நிறுத்தம். மெல்ல முன்னால். மறுபடியும் பின்னால். நார் அவிழ்ந்து, மல்லிகைப் பூக்கள் ஒவ்வொன்றாக நீரில் மிதந்து மேலே வந்தன. கப்பல் தலையைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்தது. வந்தபோது நீளமாக ஒரு முறை சங்கு ஊதியது.

அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "நல்லவேள, நீங்க பின்னால எடுத்தீங்க."

"வேற யாரு எடுப்பா?" என்றேன்.

புடவைக்கார அம்மாள் அருகில் வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் விடுவீங்களா டீச்சர்?"

"பாயசம் கொண்டாந்தா விடுவேன்" என்றார் லூர்து மேரி.

அந்த அம்மாள் கொண்டுவந்தார். அதன்பின் மழை பெய்யாத ஞாயிறுகளில் எல்லாம் கப்பல் ஓடியது. படிக்கட்டை இடிக்காமல் தப்பும்போதெல்லாம் அவர் எனக்கு நன்றி சொன்னார்; நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஊருக்கும் விஷயம் கசிந்துவிட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஒரு பழைய மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "லூர்து மிஸ்ஸுக்காக நீங்களே மறைஞ்சு நின்னு ஓட்டுனீங்களே மிஸ், எவ்வளவு பெரிய மனசு!" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலை மகன் எடுத்துக்கொண்டு போகிறான், போகட்டும். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சின்னப் பெட்டி. அது வேறொரு விளையாட்டுப் படகுக்கு உரியது. நான் வாங்கியது எட்டு சேனல் ரேடியோ. அதில் இரண்டாவது பெட்டியை இணைக்கும் வசதியே கிடையாது. சங்கில்லாமல் அவர் கப்பலை விடமாட்டார். நான் காவலுக்கு இல்லாமல் குளத்துக்கு வரமாட்டார். இரண்டில் ஒன்றைத்தான் கடையில் வாங்க முடிந்தது. பச்சை விளக்கு, உள்ளே பேட்டரி இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. இதை இனித் தாராளமாகச் சொல்லலாம்; கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள அவர் இல்லை.

அன்று தடுமாறித் தன் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளியவர், கப்பல் கேட்டது என் பெட்டியை என்று நம்பிவிட்டார். அந்தப் பூச்சரத்தை அவிழ்த்த கை லூர்து மேரியுடையது. எல்லா ஞாயிறுகளிலும் அவருடையதுதான். எனக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது.