கடல் தெரிந்த ஜன்னல்

இப்போது நான் இருக்கும் வில்லரேயில், மீன்கடையில் ஹெரிங் மீன் வாடை அடித்ததும் எனக்குப் பழைய பொறாமை கிளம்பிவிட்டது. டே ஆறு கடலில் சேருமிடத்தில், பாலம் வருமுன் ரயில்பெட்டிகளே படகேறிய துறைதான் பிராட்டி ஃபெரி என்ற ஸ்கொட்லாந்துப் புறநகர். சிறுவயதில் அங்கே, இன்று இடிபட்டுவிட்ட எங்கள் வாடகைவீட்டில், கடல் தெரிகிற ஒரே ஜன்னல் படிக்கிற பிள்ளையென்று அண்ணைக்குப் போனது; என் அறை ஜன்னலில் தெரிந்தது வெறும் மதில். காற்றில் அந்த ஜன்னல் கடகடக்கும்போதெல்லாம், கப்பலும் கோட்டையும் அவருக்கு மட்டுமே என்று கதவுக்கு வெளியே நின்று எரிந்திருக்கிறேன்.

பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"உங்களுக்கென்ன, கடலைப் பாத்துப் பாத்து வளந்தனீங்கள்."

"ஆர் பாத்தது? பராக்குப் பாப்பனெண்டு அம்மா திரைச்சீலையை ஆணியடிச்செல்லோ விட்டவ. பள்ளிக்கூடம் விட்டு நீ கரைக்கு ஓடுவாய், நான் மேசைக்கு. உன்ரை காலிலை ஒட்டிவாற மணலைக் கண்டா எனக்குப் பத்தி எரியும்."