தற்காலிகமாக நாற்பத்தொரு வருடம்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது, இனி எந்தப் படிவத்தையும் தொட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றே மாதத்தில் எனக்கே ஒரு படிவம் வந்தது.

நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி இலங்கைக் குடியுரிமை கேட்கப் போதிய காகிதம் என்னிடம் இல்லாததால் எடுத்தது அது. வேலையில் இருந்தவரை விசாவைத் தோட்டமே பார்த்துக்கொண்டது. இப்போது தற்காலிக வதிவிட அனுமதிக்கு நானே விண்ணப்பிக்க வேண்டும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தற்காலிகம்னா என்னங்க?"

"கொஞ்ச நாளைக்கு."

"நாப்பத்தோரு வருசமா இருக்கீங்க. அது அவங்களுக்குக் கொஞ்ச நாளா?"

'இங்கே தங்க விரும்பும் காரணம்' என்ற கேள்விக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கொல்லையில பீன்ஸ் இப்பத்தான் பூத்திருக்குன்னு எழுதுங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் போய் அலுவலக விறாந்தையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். அதிகாரி இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெண் தன் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நாற்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? பேனாவை எடுத்தேன்.

"புருசன் பேரு?"

அவள் வெட்கப்பட்டுச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினாள்.

"அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு இருக்கே! வாயத் தெறந்து சொல்லு. ஜாடைய எப்படிம்மா எழுதுறது?"

முருகன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்; ஒன்பதாவதில் அவள் தலையாட்டினாள். நிமிர்ந்தபோது என் முன்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அதிகாரி நின்றார்.

உள்ளே அழைத்து என் விண்ணப்பத்தை விரித்தார். "தொழில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே நடந்தது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உதவிதான், சார்."

"ஓய்வு பெற்றவராக அனுமதி கேட்டுவிட்டு என் வாசலிலேயே தொழிலா?"

என்னை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்துவிட்டேன். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இவருக்கு நீ என்ன குடுத்தது?"

"நான் ஒண்ணும் குடுக்கலங்க தொர. அவருதாங்க குடுத்தாரு."

"என்ன குடுத்தது?"

"ஏச்சுங்க. ஒரு தாளுக்கு இம்புட்டு ஏச்சு, மலையில வேலை வாங்குற எங்க கண்டாக்கையாகிட்டகூட நான் வாங்கினதில்லங்க."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு என்னிடம், "தொழிலாகச் செய்பவன் வாடிக்கையாளரை இப்படி ஏச மாட்டான்" என்று சொல்லி, ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தினார். "ஆனால் என் விறாந்தையில் இனி உட்காரக் கூடாது."

வெளியே பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள். எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் தேநீர்க்கடை இருந்தது. அவர் எதுவும் கேட்காமல் ஒரு மேசையைத் துடைத்துவிட்டார். கடைசித் தாளை முடித்தபோது தலவாக்கலை பஸ் போய்விட்டிருந்தது. மழையில் நானுஓயா வரை நடந்து ரயில் பிடித்தேன்.