தலைமாட்டு மல்லி

டெல்டாவில் பிறந்தவர்களிடம் போய், செடிக்குத் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றுங்கள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். காரைக்காலில் கைருன்னிஸாக்காவைப் பார்த்தும் சிரித்தார்கள். கடைமடைக்குக் காவிரி எந்த லட்சணத்தில் வருகிறது என்று தெரிந்தவர்களே சிரித்ததுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். கிளிஞ்சல்மேட்டில் கருவாடு விற்கிற எனக்கும் அதில் இடம் உண்டு. "தையல்நாயகி வந்தா பின்னாடியே நாலு பூனை வரும்" என்று கேலி பேசிக்கொண்டே அக்கா எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

பாடம் ஒன்றுதான். மண்கலயத்தின் அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, வேருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டும். மண்ணைத் தென்னை மட்டையால் மூடிவிட வேண்டும். இதை அவருக்கு ஃபோனில் சொல்லிக்கொடுத்தவர் அவர் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது. ஷார்ஜாவில் பங்களாத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்கிறவர். பாலைவனத்தில் பூக்க வைக்கிற மனுஷர் சொன்னால் தப்பாகுமா என்று நாங்களும் நம்பினோம்.

அக்கா இதில் இத்தனை பிடிவாதமாக இறங்கியது நசீமுக்காக. ஒரே மகன். போன ஆடியில் திருநள்ளாறு சாலையில் பைக்கில் போகும்போது லாரி மோதி மௌத்தாகிவிட்டான். கபர் மேல் பச்சை இருக்கிற வரைக்கும் அது அல்லாஹ்வைத் துதிக்கும், உள்ளே இருப்பவனுக்கு வேதனை குறையும் என்று அக்கா நம்பினார். தலைமாட்டில் ஒரு மல்லிச் செடியும் பக்கத்தில் ஒரு கலயமும் வைக்கச் சொன்னார். அவர்கள் ஜமாஅத்தில் பெண்கள் கபர்கள் இருக்கும் மையவாடிக்குள் போகிற வழக்கமில்லை. அக்காவின் தம்பி ரஃபீக்தான் வெள்ளிதோறும், இடையில் ஓரிரு நாளும் போய், அங்கிருக்கும் அடிபம்பில் அடித்துக் கலயத்தை நிரப்பிவிட்டு வருவார்.

திரும்பி வந்ததும் அக்கா கேட்பார்: "பச்சையா இருக்கா?"

"பச்சையாத்தான் இருக்கு லாத்தா."

ஞாயிற்றுக்கிழமை அதை எங்களிடம் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும்.

சித்திரையில் விழிதியூரிலிருந்து நந்தினி கூப்பிட்டாள். எங்கள் கூட்டத்துப் பெண்தான். கத்தரிச் செடியெல்லாம் இலை ஓரம் கருகுகிறது என்றாள். நானும் அக்காவும் பஸ் ஏறிப் போனோம். அக்கா மட்டையைத் தூக்கினார். அடியில் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"நாயகி, நீ பாரு."

நானும் வைத்துப் பார்த்தேன். உப்பு எனக்குத் தெரியாதா, அதில்தானே பிழைப்பு! உப்பேதான். நந்தினி வீட்டு போர் தண்ணீர் உவர்த்துப்போய் வருஷமாகிறது. சொட்டுச் சொட்டாக விட்டதில் தண்ணீர் காய்ந்துபோனது, உப்பு மட்டும் வேரடியில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. குடம் குடமாக ஊற்றியிருந்தாலாவது உப்பு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஷார்ஜாவில் குழாயில் வருவது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீருக்கு இந்த வித்தை ஆகாது என்று சொல்ல வேண்டிய அவசியமே அந்த மனுஷருக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "மையவாடி பம்புத் தண்ணி எப்படி இருக்கும்?"

கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் எப்படி இருக்குமாம்? "எனக்கு எப்படிக்கா தெரியும்" என்றேன். அந்தப் பொய்க்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ரஃபீக்கைக் கூப்பிட்டு, கபரிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரச் சொன்னார். அவர் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"செடி மாசியிலயே கருகிடுச்சு லாத்தா. நீங்க கேக்குறப்ப சொல்ல வாய் வரலை."

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை இரண்டு கேன் குடிதண்ணீரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மையவாடி வாசலுக்குப் போனோம். "கலயத்தை எடுத்துட்டு, மொத்தத்தையும் ஊத்து" என்றார் அக்கா.

"செத்த செடிக்கா லாத்தா?"

"ஊத்து."

ரஃபீக் ஒவ்வொரு கேனாகத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றோம். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"மழை வரட்டும்க்கா, வேற செடி வைக்கலாம்."

"எந்தத் தண்ணி ஊத்தி, நாயகி?"

நான் பார்வையை ஆட்டோ பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நானே எம் புள்ளை தலைமாட்டுல உப்பைச் சேத்துக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலி கேன்களோடு ரஃபீக் வெளியே வந்தார். வழக்கமான கேள்விக்குப் பதில் சொல்லத் தயாரானவர் போல அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா எதுவும் கேட்கவில்லை. கேன்களை வாங்கி ஆட்டோவில் வைத்தார்.